நாலாவது சீட்டும் நாலைந்து பார்லிமென்ட்டும்

"சுத்துப்பட்டு நாட்டு பார்லிமென்ட்டெல்லாம் ஒண்ணா உக்காந்து வெயிலக் கொறைக்கப் போவுதாம்டே."

சயானில் கல்யாண் வண்டி ஏறிய இருவரில், நடைவழி ஓரத்தில் இடம் பிடித்தவர் போனைப் பார்த்துச் சொன்னார். மற்றவர் வீங்கிய முழங்காலோடு நின்றார். மூன்று பேர் இருக்கையில் எல்லோரும் கொஞ்சம் ஒடுங்கினால் நாலாவது ஆளும் உட்காரலாம் என்பது எங்கள் மும்பை லோக்கல் ரயிலின் எழுதாத சட்டம்.

"எப்படிக் கொறைப்பாவளாம்?"

"புகையக் கொறைக்க எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி சட்டம். ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணுமாம்."

"நீ மொதல்ல ஒரு சாண் விட்டுக்கொடு. கல்யாண் வரைக்கும் முட்டி தாங்காது."

"நான் தள்ளிட்டேன். நடுவுல அண்ணாச்சியும் தள்ளிட்டாவ. ஜன்னலுதான் அசையல."

"மாநாட்டுலயும் இதாம்டே நடக்கும். சின்ன நாடெல்லாம் மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒடுங்கும். காத்து வாற எடத்துல இருக்க பெரிய நாடு கண்ண மூடிக்கிடும்."

ஜன்னலோரம் அடியேன். முந்தின ஸ்டேஷன் மாட்டுங்காவிலேயே பிடித்த இடம். கண்ணை மூடியது போதாதென்று, நம்பகத்தன்மைக்காக லேசாகக் குறட்டையும் விட்டேன்.

"கொறட்ட வேற விடுதே."

"அது தீர்மானத்தப் பரிசீலிக்குடே."

பாண்டுப் வருவதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. தூக்கத்தில் புரள்பவனைப் போல ஒரு சாண் நகர்ந்தேன்.

"சீக்கிரம் உக்காருடே," என்றார் ஓரத்துக்காரர். "முழிச்சா வாபஸ் வாங்கிரும்."