ஆவிக்கு உபசாரம்

...ஆவி வந்தா அதை 'உக்காருங்க'ன்னு சொன்னது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்கம்மா. ஐயோ, தலைய ஆட்டாதீங்க, கத்திரி காதுக்கிட்ட இருக்கு!

என்னப் பேயோட்டுறவன்னு நினைச்சுடாதீங்க. இது விளையாட்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையச் சுத்தி நாலு பேரு உக்காந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கிட்டு, பகடை உருட்டிக் கதை நடத்துவோம். நடத்துறவ என் நாத்தனார். கணக்கு டீச்சர், கேக்கணுமா? எங்க வீட்டுக்காரர் திருடன். மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர் வாள்வீரன். நெஜத்துல கரப்பான்பூச்சியப் பாத்தா நாற்காலி மேல ஏறிடுவாரு. நான் ஆவி கூப்பிடுறவ.

விதி என்னன்னா... நானும் பகடை உருட்டணும், ஆவி சார்பா நாத்தனாரும் உருட்டுவா. நான் எவ்ளோ அதிகமா ஜெயிக்கிறேனோ, அத்தனை வேலை அது எனக்குச் செய்யணும். முடிச்சதும் மறைஞ்சிடும். குழாய் ரிப்பேர் பண்ண வர்றவர் மாதிரி, பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடும்.

அன்னிக்குச் சுரங்கத்துக்குள்ள வெள்ளம். கழுத்து வரைக்கும் தண்ணி. நான் உருட்டுனேன் பாருங்க, மூணு வேலைக்கு ஒரு நீர் ஆவி! வெள்ளத்த நிறுத்துன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஆனா வந்தவங்கள எப்படி நிக்க வைக்கிறது? "வாங்க வாங்க, உக்காருங்க"ன்னேன். உக்காந்துச்சு. "ஒரு வேலை ஆச்சு"ங்கறா நாத்தனார்! "எங்கேர்ந்து வர்றீங்க, சொல்லுங்க"ன்னேன். சொல்லிச்சு. ரெண்டு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்... "கொஞ்சம் பொறு"ன்னு நாத்தனாரத்தாம்மா சொன்னேன்! ஆவி பொறுத்துக்கிச்சாம். மூணு!

ஆவி போச்சு. நாங்க எப்படியோ மேல ஏறிட்டோம். எங்க வீட்டுக்காரர் மட்டும் முழுகிட்டாரு. திருடன்தான்... ஆனா ரெண்டு வருஷமா பாத்துப் பாத்து வளத்த திருடன்.

அப்புறம் எங்கிட்ட பேச்சே இல்ல. அவரு கடிகாரம் ரிப்பேர் பண்றவரு, எப்பவுமே அளந்துதான் பேசுவாரு. அந்த மேசைல உக்காந்தா மட்டும் என்னமா பேசுவாரு! புளுகு, கிண்டல், பாட்டு... நான் ஞாயித்துக்கிழமைக்குக் காத்துக் கெடக்குறது ஆவிக்காகவா? அந்தக் கொரலுக்குத்தாம்மா. அதுவும் போச்சு. தட்டு வச்சா சாப்பிடுவாரு, விளக்க அணைச்சா தூங்குவாரு.

போன வாரம் நாங்க ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால மாட்டிக்கிட்டோம். சாவி எங்கேன்னு செத்த திருடனுக்குத்தான் தெரியும். அவன் ஆவியக் கூப்பிடுன்னாங்க. செத்தவங்க ஆவி வந்தா, அந்த வேஷம் போட்டவரே அதுக்குப் பேசணும். அதுவும் விதி. உருட்டுனேன். ஒரே ஒரு வேலை! "அம்மா, சாவிய மட்டும் கேளுங்க"ன்னு மருந்துக்கடைக்காரர் கெஞ்சுறாரு. நானும் சாவி, சாவின்னு சொல்லிக்கிட்டே நிமிந்தேன். எதுத்தாப்ல அவரு. வாரம் பூரா என் மொகத்தையே பாக்காத மனுஷன், ஆவியா நேராப் பாக்குறாரு.

"இன்னும் கோவமா?"ன்னு கேட்டுட்டேன்.

"இல்ல"ன்னாரு.

நாத்தனார் விதிப் புத்தகத்த டப்புன்னு மூடிட்டா. கதவு தொறக்கல. எங்க கதை அங்கேயே முடிஞ்சுது. ஆமாமா, என் வாயாலதான்! வெள்ளத்துக்கும் நான்தான், கதவுக்கும் நான்தான்.

இந்த வாரம் புதுக் கதை. எனக்கு என்ன வேஷம் தெரியுமா? மௌனத் துறவி! ஒரு வார்த்தை பேசினா ஆட்டத்தவிட்டு வெளிய. சண்டைக்கே போயிட்டேன். அப்புறம்தான் நாத்தனார் சொல்றா, துறவிக்கு ஒரு சீடன் உண்டாம். நான் கண்ணக் காட்டுனா அவன்தான் எனக்காகப் பேசணுமாம், சாயங்காலம் பூரா. அந்த வேஷத்த எங்க வீட்டுக்காரரே கேட்டு வாங்கிக்கிட்டாராம்.

சாயங்காலம் பூரா அவரு பேச, நான் கேக்க... அதுக்குத்தான் இப்பவே பழகிட்டிருக்கேன். காலைலேர்ந்து யார்கிட்டயும் வாயே தொறக்கலன்னா பாத்துக்கோங்க... அட, எங்க எந்திரிச்சுட்டீங்க? எடது பக்கம் இன்னும் வெட்டவே இல்லையேம்மா!