இடக்கை வெற்றிலையும் மங்கம்மாள் சாலையும்

விழாத் தலைமையை விரும்பி ஏற்று, வியர்வை வழிய வீற்றிருக்கும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் கோதண்டபாணி ஐயா அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் ஆழ்வார்பேட்டை அன்னையரே! இந்த ஷீலாவின் வணக்கம்.

மதுரையை ஆண்ட மங்கம்மாளைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். எப்பேர்ப்பட்ட பெண்மணி! கணவனைப் பறிகொடுத்தாள், மகனைப் பறிகொடுத்தாள், தொட்டிலில் கிடந்த பேரனுக்காக அரசின் பாரத்தைத் தானே சுமந்தாள். கலங்கினாளா? முகலாயரைக் கப்பத்தால் நிறுத்தினாள். தஞ்சையைப் படையால் நிறுத்தினாள். ஆண்கள் நிறைந்த அவை அவள் சொல்லுக்குக் காத்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. ஏதோ யோசனையில், இடக்கையால் வெற்றிலை போட்டுவிட்டாளாம். அந்தப் பிழைக்குப் பரிகாரமாகச் சாலை போட்டாள், சாலையோரம் மரம் நட்டாள், சத்திரம் கட்டினாள், தண்ணீர்ப் பந்தல் வைத்தாள் என்பார்கள்.

யாரது பின்னால்? “இன்னாக்கா, மவுண்ட் ரோடும் அவங்க போட்டதா?” இல்லை நைனா, அது மதுரைப் பக்கம்!

தலைவர் ஐயா, கோபிக்காதீர்கள். சற்றுமுன் அஃப்சருன்னிசா அக்கா தாம்பூலத் தட்டை நீட்டியபோது, தங்கள் வலக்கையில் கைபேசி. தாங்கள் இடக்கையால் வாங்கினீர்கள். சிரிக்காதீர்கள் அம்மா! அந்த அக்காதான் பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருப்பவர். கூட்டம் சேர்கிறதாம், நாளைக் காலைக்குள் பந்தலை எடுக்கச் சொல்லியிருக்கிறது நம் சங்கம்.

கண்ணகி நகரிலிருந்து பஸ் மாறி வந்து நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் சுப்பம்மா நேற்று என்னிடம் கேட்டார்: “அந்தத் தண்ணி இல்லாங்காட்டி வெயில்ல சுருண்டு வுழுந்துருப்பேன்க்கா. இனிமே எங்க போய் குடிக்கிறது?” அந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

ஒரு வெற்றிலைக்கு ஊர் ஊராய்ச் சாலை தந்தாள் அரசி. ஒரு தாம்பூலத் தட்டுக்கு ஒரே ஒரு பந்தல் தரமாட்டீர்களா? நிழலில் ஒதுங்கியவரை அவள் விரட்டினாளா? தாகத்தோடு வந்தவரை எந்த ஊர் என்று கேட்டாளா?

ஐயா எழுகிறார். ஒலிவாங்கியா? இதோ!

“பந்தல் அங்கயே இருக்கட்டும்மா. சங்கத்துல நான் பேசிக்கறேன்.”

கேட்டீர்களா! கைதட்டல் போதும், போதும். அஃப்சருன்னிசா அக்கா, ஐயாவுக்குத் தொண்டை வறண்டிருக்கும். உங்கள் கையால் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். பாருங்கள், கைபேசி பைக்குள் போய்விட்டது. இரண்டு கைகளாலும் வாங்குகிறார்!

மங்கம்மாள் ஆட்சி முடிந்துவிட்டதென்று யார் சொன்னது? நாளைக் காலை சுப்பம்மா பஸ்ஸை விட்டு இறங்கும்போது பானையில் தண்ணீர் இருக்கும். இவ்வளவு நேரம் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. அந்த அரசிக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.