சுக்கான் கயிறு

அட, பயப்படாதீங்க மொதலாளி, கரை எங்கிட்டும் ஓடிறாது. கோட்டைப்பட்டினம் அங்கிட்டுத்தான் இருக்கு. வாடைக்காத்துக்குக் கரையோரம் அலை மறிச்சு அடிக்கும், அதான் கொஞ்சம் உள்ள வந்து சுத்திப் போறோம். ஆளுகளா? இன்னிக்கு யாரையும் கூப்புடல. ஒங்கள எறக்கிவிட நான் ஒருத்தன் போதாதா?

இஞ்சின் போட்டுல ஏறுறது இதான் மொதத் தடவையா! நல்லாருக்கே. ஜெகதாப்பட்டினத்துல பாதிப் போட்டு ஒங்க கடைக் கயித்தை நம்பித்தான் ஓடுது. இந்தா, காலடியில போகுது பாருங்க, இதான் சுக்கான் கயிறு. நான் இங்க சக்கரத்தத் திருப்புனா பின்னாடி சுக்கான் திரும்பும். நடுவுல இந்தப் பொகைக்கொழாய ஒட்டுனாப்புல போகுது. தொட்டுறாதீங்க, தோலு வந்துரும்.

முந்தியெல்லாம் தேங்கா நாருக் கயிறுதான். கருகும், அப்பப்ப தண்ணி ஊத்திக்கிட்டே போகணும். எந்தம்பி சவரியப்பனுக்கு அது பெரிய சலிப்பு. நைலான் வலை வந்தப்ப நாங்க பூராம் வாயப் பொளந்தோம்ல, உப்புத்தண்ணியிலயே கெடந்தும் மக்கலையேன்னு. கடலுக்கே மசியாதது சூட்டுக்கா மசியப்போகுதுன்னு நெனச்சுட்டான். அப்பவும் ஒங்ககிட்டக் கேட்டுத்தான நைலான் கயித்தை வாங்குனான், கொழாச் சூட்டுக்குத் தாங்குமான்னு? ஞாபகமில்லையா? நான் பக்கத்துலதான் நின்னேன். சீமைச் சரக்கு, தண்ணியே ஊத்த வேணாம்னீங்க.

காத்துல கவுந்துட்டான், விதின்னு ஊரே பேசுச்சு. துட்டி வெசாரிக்க வந்து நீங்களும் அதத்தான் சொல்லிட்டுப் போனீங்க. போட்டு கரை ஒதுங்குனப்ப மொதல்ல ஏறிப் பாத்தவன் நான். இழுத்து அறுந்த கயிறுன்னா நுனி பிரிபிரியா இருக்கும். இது மெழுகுவத்தி மாதிரி உருகி, உருண்டு, கெட்டியாயிருந்துச்சு. போட்டத் திருப்ப வழியில்லாம அலைக்குக் குறுக்க மாட்டிக்கிட்டு நின்னுருக்கான் மொதலாளி. ஒடம்புகூடக் கெடைக்கல.

என்னது, நாத்தமா? மயிரு பொசுங்குற மாதிரியா? ஆமா, எனக்கும் கொஞ்ச நேரமா அடிக்குது. கயிறுதான். ஒங்க கடைக் கயிறு. நேத்து எம்மச்சினன் ஞானமணிய அனுப்பித்தான் வாங்கியாரச் சொன்னேன். கொழாப் பக்கத்துல கட்டப்போறோம், சூடு தாங்குமான்னு நல்லா கேட்டுட்டு வாடான்னேன். இவ்வளவு நடந்தப்பறமும் அவன்கிட்டயும் தாங்கும்னுதான் சொன்னீங்களாம்.

எந்திரிக்காதீங்க, போட்டு சாயும். தாங்காதுப்பான்னு நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் ஒங்கள இதுல ஏத்தியிருக்கவே மாட்டேன்.