கங்காணி வீட்டுக் கை

தலையில் இரும்புக் கவசத்தை மாட்டியவுடனே மூக்கு அரிக்கத் தொடங்கும். அடி விழுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த அரிப்பைத்தான் தாங்க முடியாது என்று என் மகன் பிரதீபன் சொல்வான். கைக்குத் தகரக் கையுறை, முகத்துக்கு முன்னால் தகரக் கதவு, எப்படிச் சொறிவது? அவனுடைய கூட்டாளி ஷிராஸ் ஒரு சைக்கிள் கம்பியை வளைத்து வைத்திருந்தான். கண்ணுக்கு நேரே விட்டிருக்கும் கீறலுக்குள் அதை நுழைத்து, தன் மூக்கையும் சொறிந்துகொண்டு பிரதீபன் மூக்கையும் சொறிந்துவிடுவான். நான் எளிதில் சிரிக்கிற ஆள் இல்லை. அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் பகை இருந்தது என்று நீங்கள் எண்ணிக்கொள்ளக் கூடாது. பிரதீபன் இறந்துவிட்டான். ஷிராஸ் வழக்கு முடியும்வரை விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். ஆனால் பகை என்று எதுவும் இருந்ததில்லை. முதல்முறை நான் உங்களிடம் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மாத்தயா. அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானே பஸ் ஏறி வந்தேன். நீங்கள் தமிழில் கேட்கக்கூடியவர் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். என் தாத்தா இந்தியாவிலிருந்து கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த பெரிய கங்காணி. நான் அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முதல் காளாஞ்சி மரியாதை எங்கள் வீட்டுக்குத்தான். நான் நடந்து போனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அது எனக்கான மரியாதை இல்லை, என் அப்பாவுக்கானது. எண்பத்து மூன்று கலவரத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு கும்பல் லயங்களுக்கு நெருப்பு வைத்துவிட்டு, ஆண்களையெல்லாம் பிரட்டுக்களத்தில் நிறுத்தியது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கிற வெளி அது. கையைத் தூக்கச் சொன்னார்கள். எல்லாரும் தூக்கினார்கள். அப்பா தூக்கவில்லை. கையை உடைத்தார்கள், அப்போதும் தூக்கவில்லை. நான் தேயிலைக்குள் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துக்குக் 'கங்காணி வீட்டுக் கை' என்று பெயர். பழையதைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெயரைத் தெரியாமல் மற்றது விளங்காது.

அந்த விளையாட்டை ஷிராஸ்தான் போனில் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். வெள்ளைக்கார ராஜாக்கள் காலத்தில் இரும்பு உடுப்புப் போட்டுக்கொண்டு சண்டை போட்டார்களாம். அதையே இப்போது உலகமெங்கும் விளையாட்டாக ஆடுகிறார்களாம். அவனுடைய வாப்பா முக்தார் கஹவத்தை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து ஆணியும் கம்பியும் வரும். பிரதீபன் தேயிலை ஃபெக்டரியில் வெல்டிங் வேலை செய்தான். கழித்துப் போட்ட தகரம், தார் பீப்பாய் எல்லாவற்றையும் அடித்து நிமிர்த்தி மார்புக்கும் தோளுக்கும் தலைக்கும் அளவாக வளைத்தான். உள்ளே மெத்தைக்கு றப்பர் ஷீட். வாளும் கோடாலியும் மொட்டைதான், வெட்டாது. ஆனால் கனம் கனம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பையன்கள் பிரட்டுக்களத்தில் பலகை வேலி அடைத்து, அதற்குள் நின்று அடித்துக்கொள்வார்கள். தோட்டத்துச் சனம் இரும்புச் சண்டை என்று பெயர் வைத்தது. ஓப்பநாயக்கவிலிருந்தும் கலவானவிலிருந்தும் சிங்களப் பையன்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதல் நாள் நான் அவர்களைத் துரத்தத்தான் போனேன். அப்பா நின்ற இடத்தில் இது என்ன கூத்து என்று கேட்கப் போனேன். போன நேரம் ஒருவன் விழுந்து கிடக்கிறவனை அடித்துக்கொண்டிருந்தான். 'நிறுத்து' என்றேன். அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். ஷிராஸ் கவசத்தைக் கழற்றிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட என்னிடம் வந்தான்.

"மாமா, நீங்களே எங்களுக்கு நடுவரா நில்லுங்க. எங்க பேச்ச இங்க ஒருத்தனும் கேக்கிறானில்ல."

அப்படித்தான் என் கைக்கு விசில் வந்தது. பொறுப்பு என்று ஒன்றை ஏற்றால் நான் ஒழுங்காகச் செய்கிறவன். அந்த விளையாட்டின் சட்டங்களைப் படித்தேன், சிலவற்றை இந்த இடத்துக்குத் தக்கபடி மாற்றினேன். கவசத்துக்குள் நிற்பவனுக்கு எதிரே ஒரு கீறல் அளவுதான் கண் தெரியும். எதிராளி கையைத் தூக்குவது போதும் என்பதற்கா, அடிப்பதற்கா என்று அவனால் பிரித்தறிய முடியாது. அதனால் நான் ஒரு விதி வைத்தேன். ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றால் வெறுங்கையை விரித்து நடுவர் பக்கம் தூக்க வேண்டும். எதிராளி அந்தக் கையைத் தேடவே கூடாது. விசில் கேட்டால் நிற்க வேண்டும், கேட்காவிட்டால் ஆட வேண்டும். ஒற்றை முழங்கால் தரையில் பட்டாலும் ஆட்டம் நடக்கும். நல்ல விதி. யாருக்கும் பெரிய காயம் என்று எதுவும் படவில்லை. பிள்ளைகளின் தாய்மார் என்னை நம்பித்தான் அனுப்பினார்கள்.

பிறகு ஓப்பநாயக்கவில் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. அதற்கு நான் போகவில்லை. அங்கே பிரதீபன் நடு ஆட்டத்தில் கையைத் தூக்கியிருக்கிறான். அடுத்த நாள் தேத்தண்ணிக் கடைக்குள் நான் நுழைந்தபோது, கொழுந்து லொறி ஓட்டுகிற செல்லையா கிளாசைப் பார்த்தபடியே சொன்னான்.

"என்னாங்க கணக்கப்பிள்ள ஐயா, கங்காணி வீட்டுக் கை இப்பெல்லாம் கஹவத்த பஸ்ஸ நிப்பாட்டுற கை மாதிரில்ல தூக்குதாம்."

யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. அவரவர் தேத்தண்ணிக்குள் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பிரதீபன் கொல்லையில் உட்கார்ந்து வாளின் விளிம்பை அரத்தால் ராவி மழுக்கிக்கொண்டிருந்தான். கடையில் நடந்ததைச் சொன்னேன்.

"சிரிக்கட்டுமேப்பா. காலு பிடிச்சிக்கிச்சு, தூக்குனேன். ஷிராஸ் ஓடியாந்து கால நீவிவிட்டான். இதுல என்னா இருக்கு."

"இனிமே தூக்காத."

"தூக்கலேன்னா செத்துப் போவோம்ப்பா. அதுக்குத்தானே நீங்க விசிலோட நிக்கிறீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசும் பழக்கம் அவனுக்கு அந்த விளையாட்டால் வந்தது. நான் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கோயில் திருவிழா அன்று மத்தியானம் பிரட்டுக்களத்தில் ஆட்டம் வைத்தார்கள். தோட்டம் முழுவதும் வேலியைச் சுற்றி நின்றது. டவுன் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். செல்லையா லொறியின் கூரைமேல் நாலைந்து பேரை ஏற்றி வைத்திருந்தான். ஒருபக்கம் தப்பு மேளம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஆட்டம் பிரதீபனுக்கும் ஷிராஸுக்கும். பிரதீபனிடம் வாள், ஷிராஸிடம் கோடாலி. உள்ளே இறங்குவதற்கு முன் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். அது அவர்களுடைய பழக்கம், தகரம் மோதிக் 'கணார்' என்று சத்தம் வரும்.

பிரதீபன் நன்றாகவே ஆடினான். ஷிராஸை இரண்டு தரம் வேலியோடு சாய்த்தான். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. பிறகு ஷிராஸின் கோடாலி அவன் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் விழுந்தது. பிரதீபன் மூலைக் கம்பத்தடியில் ஒற்றை முழங்காலில் இருந்தான். முதுகு சனத்தின் பக்கம், முகம் என் பக்கம். சனத்துக்கும் அவனுக்கும் இடையில் பலகை வேலி, எதிர்ப்பக்கத்தை என் உடம்பு மறைத்தது.

அங்கேதான் திருத்தம் வருகிறது, மாத்தயா. நேரம் முடிந்து நான் விசில் ஊதினேன், தப்புச் சத்தத்திலோ ஆத்திரத்திலோ ஷிராஸ் நிறுத்தாமல் அடித்தான் என்று முதல்முறை உங்களிடம் சொன்னேன். நான் ஊதவில்லை.

பிரதீபன் கையைத் தூக்கினான். இடது கை. வாளைக் கீழே போட்டுவிட்டு, விரல்களை விரித்து, நெஞ்சு உயரத்துக்கு. அந்த இடத்திலிருந்து அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். இறக்கிவிட்டால் இது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அவன் கையை இறக்கிக்கொள்வதற்கு நான் அவகாசம் கொடுத்தேன். ஒரு தகப்பன் பிள்ளைக்குச் செய்யக்கூடியதைத்தான் செய்தேன்.

ஷிராஸ் உடனே அடிக்கவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கவசத்தை என் பக்கம் திருப்பி, ஒரு கணம் நின்றான். விசிலுக்காகக் காத்திருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். விதி அவனுக்குத் தெரியும். விசில் இல்லை என்றால் ஆட்டம் நடக்கிறது என்று அர்த்தம். கோடாலியைத் தூக்கினான். அந்த அடிக்குப் பிறகும் பிரதீபனின் கை அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் மேலே வந்தது. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம், இறக்கு என்று அவனுக்குச் சொன்னேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த அடியில் கை விழுந்தது. அதற்குப் பிறகு நான் விசிலை ஊதினேன்.

ஷிராஸ் கவசத்தை எறிந்துவிட்டு அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுடைய வேனில்தான் இரத்தினபுரிக்குக் கொண்டுபோனோம். பெல்மதுளை தாண்டும்போது மூச்சு நின்றது.

சாவு மரியாதையாக நடந்தது. போன வழி முழுவதும் சனம் எழுந்து நின்றது. கங்காணி வீட்டுப் பிள்ளை கடைசி வரைக்கும் கை தூக்கவில்லை என்று செல்லையாவே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனைவி மருதாயி மட்டும் பிணத்தருகே உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னாள்.

"எம்புள்ள தூக்கியிருப்பான். அவன் உங்க அப்பா மாதிரி இல்ல. அவனுக்கு உசுரு மேல ஆச இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பாள், பேசமாட்டாள்.

ஷிராஸை நீங்கள் பிடித்துப் போனபின் அவனுடைய உம்மா மரியம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகனை விடச் சொல்லிக் கேட்க வந்தார் என்று நினைத்தேன். இல்லை. மன்னிப்புக் கேட்க வந்தார்.

"நீங்க விசில் ஊதினேன்டு சொன்னா ஊதித்தான் இருப்பீங்க ஐயா. உங்கட வாயில பொய் வராது. அவன் அங்க இருந்துக்கிட்டு, எனக்கேன் கேக்கல்ல எனக்கேன் கேக்கல்லன்டு தன்ட காதிலயே அறைஞ்சிக்கிறானாம்."

நான் அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தேன். வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவர் மகனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை நான் எங்கும் சொன்னதில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கையையும் சொல்ல வேண்டும். ஊதவில்லை என்றால், ஏன் ஊத வேண்டும் என்ற கேள்வி வரும். செத்துப்போனவனால் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அதை நான்தான் காக்க வேண்டியிருந்தது. ஷிராஸ் இளைஞன். சில வருடத்தில் வெளியே வந்துவிடுவான் என்று கணித்தேன்.

முந்தாநாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டுப் பிரதீபனின் தலைக்கவசத்தை மேசையில் வைத்தீர்கள். தாடைக்குக் கீழே கட்டுகிற தோல்வார் அறுந்து கிடந்தது. பக்கவாட்டில் விழுந்த ஷிராஸின் அந்த அடியிலேயே அது அறுந்துவிட்டது, அதனால்தான் கவசம் முன்பக்கம் சரிந்து, பிடரி வெளியே தெரிந்து, அடுத்த அடிகள் அங்கே விழுந்தன என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். பிறகு, வார் அறுந்தால் ஆடுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனேன். எனக்குத் தெரியும். கையைத் தூக்க வேண்டும். நடுவர் விசில் ஊதுவார், புது வாரைக் கட்டிக்கொண்டு மறுபடி ஆடலாம். அதில் தோல்வி இல்லை. அந்த விதியையும் நான்தான் வைத்தேன்.

அன்று பஸ்ஸில் போகும்போது அழுதேன். எத்தனை வாரமாக அந்தப் பிள்ளையைத் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பயந்து தூக்கவில்லை, மாத்தயா. வார் அறுந்ததால் தூக்கினான். வாரைக் கட்டிக்கொண்டு இன்னும் ஆடுவதற்காகத் தூக்கினான். அந்த இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஷிராஸை விட்டுவிடுங்கள். அவன் விதிப்படி ஆடினான். விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், என் மகனை அடிக்க விட்டவன் நான். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன், கோர்ட்டில் நின்று இதையெல்லாம் சத்தமாகச் சொல்கிறேன். செல்லையாவும் வந்து கேட்கட்டும். கங்காணி வீட்டுப் பிள்ளை தோற்றுக் கை தூக்கவில்லை என்பது தோட்டத்துக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். என்னை உள்ளே வைப்பதற்கு முன் மருதாயிக்கு ஒரு போன் கோல் எடுத்துத் தாருங்கள். இதை நானே அவளிடம் சொல்ல வேண்டும். பிள்ளையை நினைத்து இத்தனை நாள் தலைகுனிந்து கிடக்கிறாள், பாவம். கேட்டால் சந்தோஷப்படுவாள்.