சந்துருவின் சட்டைக் கை

ஒரு பேண்ட்டைக் கையில் கொடுத்தால் போதும், அதைப் போடுகிறவர் போன மாதம் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவேன். புனேயில், இந்த ஔந்தில் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். புது வருஷம் பிறந்தால் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வருவார்கள். கணபதி பண்டிகை மோதகம் முடிந்ததும் பிரித்துவிடச் சொல்லி வருவார்கள்.

என் கணவர் சந்துரு விரதம் தொடங்கியபோது நான் தடுக்கவில்லை. சாமிக்காக அல்ல, தொப்பைக்காக. இரவுச் சாப்பாடு கிடையாது. காலையில் வெறும் கறுப்புக் காபி, மதியம் முட்டையும் பனீரும், சாயங்காலம் ஜிம்.

"கொழுப்பு போகணும், மசில் போகக் கூடாது. எடை மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான் கோதை, அத நம்பக் கூடாது. பேண்ட் இடுப்புல லூசாகணும், சட்டை கையில டைட்டா நிக்கணும்" என்பார். யாரோ வீடியோவில் சொன்னது. நல்ல யோசனைதான். அவருடைய சட்டையும் பேண்ட்டும் தைப்பவள் நான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஆள் அழகாகிவிட்டார். அதை மறைக்க மாட்டேன். நான் தனியாக உட்கார்ந்து தோசை சாப்பிடுவேன். எதிரே அவர் வெந்நீர் குடித்தபடி என் தட்டைப் பார்ப்பார். "மூணாவதா?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார்.

ஒரு நாள் கடைக்கு வந்தார். ரவிக்கை வாங்க வந்திருந்த தேஜஸ்வினி அவரைப் பார்த்துவிட்டு, "தாக்டா பாவு கா?" என்றாள். தம்பியா என்று கேட்கிறாள். கணவர் என்றேன். அதன்பிறகு அவள் ரவிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதே வாரம் தொடங்கியது தற்செயல்.

அவர் உடம்பைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவர் ஹிஞ்சவடி ஆபீசுக்குக் கிளம்பியதும் சட்டைக் கையின் தையலைப் பிரித்து ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தளர்த்தி விட்டேன். பேண்ட்டின் பின் தையலில் இடுப்பை ஒரு நூல் இறுக்கிப் பிடித்தேன். நான் தைத்த துணி, உள்ளே தாராளமாகவே விட்டிருந்தேன். இதில் அவசரம் கூடாது. ஒவ்வொரு சலவைக்கும் கொஞ்சம். சூடாக இஸ்திரி போட்டால் பழைய தையலின் தடம்கூடத் தெரியாது.

கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்.

"இங்க பாரேன், கை தொளதொளங்குது. இடுப்பு இறுக்குது. எல்லாம் தலைகீழா போகுது."

பாவமாகத்தான் இருந்தது. சட்டைக் கைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "ஆமாங்க, கொஞ்சம் எளச்சாப்லதான் இருக்கு" என்றேன்.

முட்டையைக் கூட்டினார், ஜிம்மில் இரும்பைக் கூட்டினார். இடுப்பு இறங்கவில்லையே என்று அந்த ஒருவேளைச் சாப்பாட்டையும் பாதியாக்கினார். ஒரு மதியம் ஆபீஸ் லிஃப்ட்டில் மயங்கி விழுந்தார். தசையெல்லாம் பிரமாதமாக இருக்கிறது, கரைய இனிக் கொழுப்புதான் இல்லை, ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். சந்துரு டாக்டரை நம்பவில்லை, சட்டையை நம்பினார். நான் பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைத் துவைத்து, காயவைத்து, இன்னும் ஒரு நூல் விட்டேன்.

சில நாளில் அவராகவே சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். "போதும் கோதை, எனக்கு ராசியில்ல. ரெண்டு தோசை ஊத்து" என்றார். கண் கலங்கியிருந்தது. "நீ பக்கத்துல இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றார். நெய் விட்டு வார்த்துப் போட்டேன். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஆமாம், செய்தது நான்தான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இப்போது அவர் திருப்தியாகச் சாப்பிடுகிறார். தொப்பை பழையதைவிட நன்றாகவே வந்திருக்கிறது. சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் சிரிக்கிறார். "எங்க ஏறியிருக்கேன்? போன வருஷப் பேண்ட் இன்னும் அப்படியே சேருது" என்கிறார்.

சேரும். ஒவ்வொரு சலவைக்கும் நான் இப்போது இடுப்பில் ஒரு நூல் விடுகிறேன். குண்டாகிவிட்டோம் என்று தெரிந்தால் அவர் மனசு தாங்காது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?