நான்காவது படியின் இடது பக்கம்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். நான் அறுபத்தொன்றாவது வயதில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். உட்காருங்கள், தேநீர் ஆறிவிடும். மகள் உள்ளறையில் இருக்கிறாள். காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்துபோனால் இரண்டு மணி நேரம் அசந்து தூங்குவாள். அதனால் கொஞ்சம் மெதுவாகவே பேசுகிறேன்.

அந்தப் படியைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். தெருமுனையில் இருபது வருடமாக இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறைக்காரர் நீங்கள். மாடிப்படியைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்று உங்களிடம் சொன்னதும் நான்தான். பழைய இரும்புக்காரனிடம் கொடுத்திருந்தால் கேள்வி வந்திருக்காது. ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"மத்த எட்டுப் படியையும் சுத்தியலால அடிச்சுப் பாத்தேன் சார். வளையுதே தவிர ஒட்டு விடல. இதுலயும் வலது பக்கம் கிரைண்டர் வச்சுத்தான் அறுக்க வேண்டியிருந்துச்சு. இடது பக்கம் மட்டும் ஏன் சார் இப்படிச் சுத்தமா விட்டிருக்கு?" என்று வாசலில் நின்றபடியே கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

வெல்டிங் மெஷினை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் மகள். கடல் தாண்டி அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. பாலங்களுக்கு வரைபடம் போடுகிற கம்பெனி. மூன்று வருடம். இரண்டு மாதம் கழித்து வரும் முதல் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். தான் போன பிறகு அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்ற கவலையில், வாயு ஊதிப் பற்றவைக்கிற பெட்டியளவு மிக் மெஷின் ஒன்று, கம்பிச் சுருள், சின்ன வாயு சிலிண்டர், முகமூடி, தோல் கையுறை எல்லாம் வாங்கி வந்து பின்கட்டில் இறக்கினாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருடம் உதவியாளனாக இருந்தவனுக்கு எதையாவது நோண்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். விட்டுப் போகப்போகிறவள் தனக்குப் பதிலாக ஒரு இரும்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சந்தோஷம் என்று சொன்னேன்.

அவளுடைய அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தலை பின்னவும், காய்ச்சலில் ராத்திரி முழுக்க நெற்றியில் துணி மாற்றவும், வயதுக்கு வந்தபோது யாரிடம் என்ன கேட்பது என்றும் ஒவ்வொன்றாக நானே கற்றுக்கொண்டேன். அதோடு ஒப்பிட்டால் வெல்டிங் பெரிய வித்தையல்ல.

முதல் வாரம் எல்லாம் உருண்டை உருண்டையாகத்தான் வந்தது. "அப்பா, இது வெல்டிங்கா, பல்லி போட்ட முட்டையா?" என்று கேட்டுச் சிரிப்பாள். பிறகு கை நிதானப்பட்டது. ஒருநாள் கோடு போட்டதுபோல் ஓர் ஒட்டு வந்தது. ஆசையாகக் கையில் எடுத்துப் பார்த்தபோது தவறிக் கீழே விழுந்து இரண்டாகிவிட்டது. அந்தத் துண்டுகளை உங்களிடம்தான் கொண்டுவந்தேன். "பாக்க லட்சணமா இருக்கும் சார். ஆனா அடியில இரும்பு உருகியே இருக்காது. மேல சும்மா உக்காந்திருக்கும். புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்புதான், விடுங்க" என்றீர்கள். சூட்டை ஏற்றச் சொன்னீர்கள், துருவைச் சுரண்டிவிட்டுப் பற்றவைக்கச் சொன்னீர்கள்.

பத்து நாளில் அந்தத் தப்பைச் செய்யாமலிருக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கு அடுத்த பத்து நாளில், வேண்டும்போது அதைச் செய்யவும் கற்றுக்கொண்டேன். இரண்டாவதுதான் கடினம். கை பழகிவிட்டால் இரும்பு தானாகவே உருகிப் பிடித்துக்கொள்கிறது.

பின்கட்டின் தாழ்வான மாடிக்குப் போகிற இரும்புப் படிகள் துருப்பிடித்திருந்தன. மாற்றலாமா என்று கேட்டேன். மகளுக்கு ஒரே பெருமை. அளவு எடுக்க நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். ஒன்பது படிகளையும் ஒரு வாரத்தில் வைத்தேன். காற்று வாயுவைக் கலைக்காமலிருக்கத் தகரத்தால் மறைப்புக் கட்டிக்கொண்டேன். எட்டுப் படிகளை நீங்கள் சொன்னபடி வைத்தேன். நான்காவதன் வலது பக்கத்தையும் அப்படித்தான். இடது பக்கத்தில் துருவைச் சுரண்டவில்லை, சூட்டைக் குறைத்தேன், கையை வேகமாக இழுத்தேன். ஒன்பதிலும் அழகாக வந்தது அதுதான். அதன்மேல் பச்சை வண்ணம் அடித்தவள் மகள்.

நான்காவது படி தரையிலிருந்து முப்பத்திரண்டு அங்குலம். மருத்துவ வேலை பார்க்கிற ஒருவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்து வைத்திருந்தேன். அந்த உயரத்தில் கால் நழுவினால் கணுக்கால் பிசகும், அதிகம் போனால் முறியும், ஆறு வாரம் கட்டு. ஆறு வாரத்தில் முதல் தேதி தாண்டிவிடும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. கீழே சாக்கில் மணல் நிரப்பிப் பரப்பியும் வைத்தேன். எதற்கு என்று கேட்டவளிடம் செடி வைக்கப் போகிறேன் என்றேன். அக்கறையில்லாதவன் இதையெல்லாம் செய்வானா, சொல்லுங்கள்.

படி பன்னிரண்டு நாள் தாங்கியது. நானும் தினமும் அதில் ஏறி இறங்கினேன், வலது ஓரமாக. அவளோ காற்றாக ஏறிவிடுவாள், கனமில்லாத உடம்பு. ஊருக்குப் போக அவள் பெட்டி கட்டியாகிவிட்டது. பதின்மூன்றாம் நாள் காலையில், வீட்டிலிருந்த மூன்று கம்பளிகளையும் வாளியில் நனைத்தேன். கம்பளி தண்ணீர் குடித்தால் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதுகு பிடித்துக்கொண்டது, நீ மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடுகிறாயா அம்மா என்று கேட்டேன்.

"ஊருக்குப் போற நேரத்துல உங்களுக்குத் துவைக்கிற ஆசை வந்துடுச்சா? குடுங்க" என்றாள்.

வாளியோடு ஏறியபோது நான்காவது படியின் இடது பக்கம் விட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வாளி அவளைப் பின்னால் இழுத்ததில் மணல் பக்கமாக அவள் விழவில்லை. குழாயடியின் சிமெண்ட் விளிம்பில் முதுகு பட்டது. கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தாள். "அப்பா, காலு எங்க இருக்குன்னு தெரியலப்பா" என்றாள். நான் அழுதேன். அது நடிப்பில்லை.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. கத்துக்குட்டி செய்த வேலை, பாவம் மனுஷன் என்றார்கள். மருத்துவமனையில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க என்னப்பா பண்ணுவீங்க, இப்பத்தானே கத்துக்கிட்டிருக்கீங்க. இந்த வீட்ல யாரும் உங்கள ஒரு வார்த்தை சொல்லக் கூடாது" என்றாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், நாங்கள் இரண்டு பேர்தான்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான் என்று உங்கள் முகம் சொல்கிறது. இருக்கட்டும். இந்த ஏழு மாதத்தில் அவளை ஒரு நாள்கூட வேறு கையில் விட்டதில்லை. தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, தலை பின்னுவது எல்லாம் நான்தான். ஒன்பது வயதில் எப்படிச் சாய்ந்துகொள்வாளோ அப்படியே தோளில் சாய்ந்துகொள்கிறாள். சில நாள் விடியற்காலையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறாள். அப்போது அடுப்படிக்குப் போய்விடுவேன். அவள் அழுவது எனக்குத் தாங்காது.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவளுக்குப் பதில் சேர்ந்தவர் விலகிவிட்டாராம், வேலை மறுபடி அவளுக்காகக் காத்திருக்கிறதாம். கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதாம், சக்கர நாற்காலி எல்லா இடத்துக்கும் போகுமாம். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன். தனியாக வெளியே போய்ப் பழக வேண்டும், வாசலின் இரண்டு படிமேல் இரும்பில் ஒரு சரிவுப் பாதை வேண்டும் என்றாள். உங்களிடம் சொல்லலாமா என்று நான்தான் கேட்டேன். "வேணாம்பா. நீங்களே பண்ணுங்க. அன்னிலேர்ந்து நீங்க மெஷின் பக்கமே போகல. என்னால உங்களுக்குக் கை விட்டுப்போகக் கூடாது" என்றாள்.

தகடு வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குப் பற்றவைக்கிறேன். நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். வாசல் ஒரு முழ உயரம்கூட இல்லை. அதிலிருந்து விழுந்து யாருக்கும் எதுவும் ஆனதில்லை.