காணாமல் போன ஏழு கார்கள்

– இந்த அட்டையை நீ எடுக்கற வரைக்கும் நான் இந்த ரூமை விட்டு நகர்றதா இல்ல.

– அக்கா, அதாவது, கண்காட்சின்னா ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்துல அதோட வரலாறு எழுதி வைக்கணும். அது முறை.

– வரலாறாம்! எங்கே, வாய்விட்டுப் படி. உன் வாயால கேக்கறேன்.

– "சிறுவயதில் என்னிடம் இருந்த எட்டு பொம்மைக் கார்களில் மிஞ்சியது இது ஒன்றே. மற்ற ஏழையும் என் அக்கா திருடித் தொலைத்துவிட்டாள்." இதுல என்ன தப்பு?

– அம்பது வயசு ஆம்பளை எழுதின லட்சணமா இது? நாளைக்கு நூலகத்துல இதைத் திறந்து வைக்க வர்றது யாருன்னு தெரியுமில்ல? எங்க ஆஸ்பத்திரி பெரிய டாக்டர். மருந்து ஸ்டோர் சாவி இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட இருக்கு. நாலு மாத்திரை குறைஞ்சாலும் என் மூஞ்சியைத்தான் முதல்ல பாப்பாங்க. அவரு வந்து நின்னு இதைப் படிக்கணுமா?

– படிச்சா சிரிப்பாரு. எல்லாரும் சிரிக்கத்தானே எழுதினேன்.

– நீ சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்துடுவே. நான் மறுநாள் வேலைக்குப் போகணும்.

– அதாவது, நானா கதை கட்டினேன்? ஒவ்வொரு தடவையும் அப்பா முன்னாடி நின்னு "நான்தான் எடுத்தேன், தொலைஞ்சு போச்சு"ன்னு நீயேதானே சொன்னே?

– சொன்னேன்.

– சொன்னியில்ல? சிவப்புத் தீயணைப்பு வண்டி, வெள்ளை ஆம்புலன்ஸ், கேரியர் வெச்ச நீலக் கார்... ஒண்ணு விடாம, கரெக்டா என் பொறந்தநாள் கிட்ட வர்ற நேரத்துல. பொறாமை. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு என்னைக் கண்டா ஆகாது.

– அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! வருஷத்துக்கு ஒரு தடவை, பொறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மட்டும் வர்ற திருடி. அது ஏன்னு என்னைக்காவது யோசிச்சியா, துரை? இருநூறு கார் வாங்கி அலமாரியில அடுக்கியிருக்கே. பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு சக்கரத்தைப் பாக்கறே. பல் தேய்க்கற பிரஷ்ஷால தூசி தட்டறே. அதுல கொஞ்சம் மூளையிலயும் தட்டியிருக்கலாம்.

– கேலி பண்ணு, பண்ணு. ஒரு காரைப் பாத்த மாத்திரத்துல மாடல் சொல்ல இங்க என்னை விட்டா ஆள் கிடையாது.

– அப்போ இந்தப் பச்சைக் கார் என்ன மாடல்?

– அது... அதாவது, இந்தப் பச்சையில எந்தக் கம்பெனியும் கார் போட்டதா எங்கேயும் பதிவில்ல. அதனாலதான் அட்டையில "அபூர்வ நிறம்"னு தனியாவே எழுதியிருக்கேன்.

– ஐயோ, என்னால முடியல! அது பால் வண்டி நிறம்டா. அப்பா ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பால் வண்டி. டப்பா அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துது.

– என்ன உளர்றே?

– அந்த மேஜை மேல இருக்கற உப்புத்தாளை எடு. சரி, நானே எடுத்துக்கறேன்.

– எதுக்கு? அக்கா, வேணாம். அக்கா! அது அப்பா கையால குடுத்தது! தேய்க்காதே, நாளைக்குக் காலையில கண்காட்சி!

– கத்தாதே. டிக்கி மேல நகத்தளவு இடம்தான். கார் பெயிண்டர் பொண்ணுக்கு உப்புத்தாள் பிடிக்கத் தெரியாதா? இந்தா, பாரு. பச்சைக்கு அடியில என்ன தெரியுது?

– நீலம்.

– வக்கீல் கார் நீலம். உன் ஒன்பதாவது பொறந்தநாள். தீக்குச்சியை ஒட்டித்தான் கேரியர் பண்ணினாரு. அதுக்கு அடியில?

– வெள்ளை.

– ஆம்புலன்ஸ். மேல சிவப்பு லைட்டு இருந்துதே, அது என் பாசிமாலையில இருந்து பிடுங்கின மணி. இன்னும் தேய்க்கவா?

– இரு, இரு. அப்படின்னா எட்டுக் கார்...

– ஒரே கார். அப்பா என்னைத் தனியா கூப்பிட்டு "எடுத்துட்டு வாம்மா, பெயிண்ட் காய ஒரு வாரமாவது வேணும்"பாரு. நீ வீட்டையே ரெண்டாக்குவே. நான் வந்து நின்னு பழியை ஏத்துக்கணும். நீ என் முடியைப் பிடிச்சு இழுப்பே, மூஞ்சியில துப்புவே. அப்புறம் புதுக் கார் வந்ததும் "தொட்டா கையை ஒடிப்பேன்"னு என்கிட்டயே வந்து காட்டுவே. பெரிய ஜமீன்தார் நெனப்பு.

– இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?

– "அவன் பெரியவனாகற வரைக்கும் சொல்லாதே"ன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஆகற வழியைக் காணோம்.

– புதுசு வாங்க முடியலைன்னு அவரு சொல்லியிருக்கலாமே. நான் கேட்டிருக்க மாட்டேனா?

– கேட்டுக் கிழிச்சே! தரையில புரண்டு நீலம் பாரிச்சு அழுவே. உன் அழுகைக்குப் பயந்து அந்த மனுஷன் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து தேய்ப்பாரு, ப்ரைமர் அடிப்பாரு, கண்ணாடியில படாம நுனி பிரஷ்ஷால இழுப்பாரு. எந்த முதலாளி காருக்கும் அப்படி மெனக்கெட்டதில்ல. எனக்கு வயிறெரியும். அவருக்காகத்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன், உனக்காக இல்ல.

– குடு. மிச்சத்தை நான் தேய்க்கறேன்.

– அழுதுக்கிட்டே தேய்க்காதே, கை வழுக்கும். மெதுவா, வட்டமா.

– சிவப்பு... கறுப்பு... சாம்பல்... காப்பி கலர்... இளநீலம், இது என் மூணாவது பொறந்தநாள், போட்டோவுல பாத்திருக்கேன். இன்னும் அடியில ஒரு மஞ்சள் இருக்கே! எனக்கு மஞ்சள் காரே கிடையாதே.

– அது அப்பா அடிச்சது இல்ல. கடையில வாங்கும்போதே இருந்த கலர்.

– அக்கா, அட்டையைக் கிழிச்சுட்டேன். போதுமா? வேற எழுதி வைக்கறேன். "அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த ஒரே கார்"னு.

– அதுவும் பொய்.

– இதுல என்ன பொய்? கடைக் கலர்னு நீதானே இப்போ சொன்னே?

– கடைக் கலர்தான். என் நாலாவது பொறந்தநாளுக்கு வாங்கினது. நீ அப்போ பொறக்கவே இல்லடா.